சிகாகோ வந்துதான் லத்தீனோ ஆனார்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், சிகாகோவின் பில்சன் பகுதியில் நான் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுத்த காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த வகுப்புக்கு வந்த மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, குவாதமாலா மக்களைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்று நிறையக் கடிதங்கள். எல்லாவற்றுக்கும் இடம் போதாது. சில கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

லத்தீனோ என்பது இனமா, மதமா, மொழியா? படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.
- வாசகி, திண்டுக்கல்

மூன்றும் இல்லை அம்மா. லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டு அமெரிக்காவில் வாழ்கிறவர்களை மொத்தமாக அப்படிச் சொல்கிறார்கள். பெண் என்றால் லத்தீனா. அவர்களில் வெள்ளைத்தோல்காரர் உண்டு, கறுப்பர் உண்டு, மாநிறத்தவர் உண்டு. கத்தோலிக்கர் அதிகம், பெந்தெகொஸ்தே சபைகளும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. சரி, மொழியாவது பொதுவா என்றால் அதுவும் முழுக்க இல்லை. என் வகுப்பில் மெக்சிகோவின் ஓஹாகா மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒருவர் இருந்தார். அவர் வீட்டில் பேசுவது சபோடெக் என்ற பழங்குடி மொழி. ஸ்பானிஷே அவர் பள்ளிக்கூடம் போய்க் கற்ற மொழிதான். ஆங்கிலம் மூன்றாவது.

சொந்த நாட்டில் இருக்கிறவரைக்கும் யாரும் தன்னை லத்தீனோ என்று நினைத்துக்கொள்வதில்லை. வகுப்பில் "எந்த ஊர்?" என்று கேட்டால் ஒருவர் துராங்கோ என்பார், இன்னொருவர் மிச்சோகான் என்பார், புவேர்ட்டோ ரிக்கோக்காரர் போன்ஸே என்பார். அரசாங்கத்துக்குத்தான் இவர்களை ஒரே தலைப்பின் கீழ் எண்ண வேண்டியிருந்தது. 1976-ல் அதற்கென்று சட்டம் வந்தது. 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் உள்ள எல்லாரிடமும் "நீங்கள் ஸ்பானிஷ் வம்சாவளியா?" என்ற கேள்வியைக் கேட்டார்கள். 2020 கணக்கெடுப்பில் இவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். ஆனால் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரே கட்டத்தில் டிக் அடித்தவர்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் சொந்தமாக நினைத்துவிடுவார்களா? அது நடந்தது குடியிருந்த தெருக்களில், அங்கே வந்த கஷ்டங்களில். நான் பார்த்த ஊர் சிகாகோ என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

இவர்கள் எல்லாரும் எல்லை வேலியைத் தாண்டித் திருட்டுத்தனமாக வந்தவர்கள்தானே? அப்புறம் உரிமை கேட்டால் எப்படி?
- வாசகர், கோவை

இல்லை ஐயா. இந்த எண்ணம் எனக்கு வருத்தம் தருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

மெக்சிகோ 1848-ல் அமெரிக்காவிடம் போரில் தோற்றுத் தன் நிலத்தில் ஏறக்குறைய பாதியைப் பறிகொடுத்தது. கலிபோர்னியா, நெவாடா, யூட்டா எல்லாம் அப்படிக் கைமாறிய நிலம். அங்கே ஏற்கெனவே குடியிருந்த மெக்சிகோக்காரர்கள் வீட்டு வாசலைத் தாண்டாமலே அமெரிக்காவுக்குள் வந்துவிட்டார்கள். புவேர்ட்டோ ரிக்கோ தீவை 1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அந்தத் தீவு மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். விசாவும் வேண்டாம், வேலியும் கிடையாது. ஆனால் தீவிலேயே குடியிருக்கும் வரை ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

சிகாகோ கதைக்கு வருகிறேன். முதல் உலகப்போரின்போது ஐரோப்பாவிலிருந்து கூலிக்கு ஆள் வருவது நின்றுபோனது. ரயில் கம்பெனிகள் மெக்சிகோ ஆட்களைத் தண்டவாளம் போடக் கூட்டிவந்தன. பிறகு இரும்பாலைகள், இறைச்சி ஆலைகள். 1923-ல் தெற்கு சிகாகோவின் இரும்பாலைப் பகுதியில் குவாதலூப்பே மாதாவுக்கு ஒரு கோயில் எழும்பும் அளவுக்கு ஜனம் சேர்ந்துவிட்டது. 1930-களில் பொருளாதாரம் படுத்ததும் "ஊருக்குக் கிளம்புங்கள்" என்று நாடு முழுக்க மெக்சிகோக் குடும்பங்களை ரயிலேற்றினார்கள். அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளும் அந்த ரயில்களில் போனார்கள். இரண்டாம் உலகப்போர் வந்தது. வயல் வேலைக்கு ஆள் இல்லை. 1942-ல் அதே மெக்சிகோவோடு ஒப்பந்தம் போட்டு மறுபடி ஆள் எடுத்தார்கள். அந்தத் திட்டம் 1964 வரை ஓடியது. கூப்பிட்டது யார், விரட்டியது யார் என்று நீங்களே பாருங்கள்.

புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் சிகாகோவுக்குத் திரளாக வர ஆரம்பித்ததும் கூப்பிட்ட பிறகுதான். 1946-ல் ஒரு தனியார் ஆள்பிடி நிறுவனம் தீவிலிருந்து இளம்பெண்களை வீட்டுவேலைக்கும் ஆண்களை வார்ப்பாலைக்கும் ஒப்பந்தத்தில் அழைத்துவந்தது. பேசிய சம்பளம் வேறு, கையில் வந்தது வேறு. அந்தப் பெண்கள் ஓய்வில்லாமல் வேலை வாங்கப்பட்டார்கள். அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் சிலர் இதை விசாரித்து வெளியே கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான எலெனா பதீயா பின்னால் பெயர் பெற்ற மானுடவியலாளர். சிகாகோ, நியூயார்க் புவேர்ட்டோ ரிக்கோ மக்களைப் பற்றி 1947-லேயே ஆய்வேடு எழுதியவர்.

மெக்சிகோக்காரர்களும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களும் பேசுவது ஒரே ஸ்பானிஷ். அதனால் சுலபமாக ஒன்றுசேர்ந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகர், மதுரை

சுலபமாகச் சேரவில்லை. ஒருவர் பேசும் ஸ்பானிஷை மற்றவர் கேலி செய்வார். என் வகுப்பிலேயே மெக்சிகோ பெஞ்ச், புவேர்ட்டோ ரிக்கோ பெஞ்ச் என்று தனித்தனியாகத்தான் முதலில் உட்காருவார்கள். "உங்களுக்குத்தான் குடியுரிமை இருக்கிறதே, உங்களுக்கு என்ன குறை?" என்று மெக்சிகோக்காரர்கள் கேட்பார்கள். "அது இருந்தும்தானே எங்களை வீட்டைவிட்டுத் துரத்தினார்கள்" என்று புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் சொல்வார்கள்.

துரத்தியது உண்மை. மெக்சிகோக் குடும்பங்கள் நிறைய வாழ்ந்த மேற்குப் பகுதியை இடித்துத்தான் இலினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகம் 1965-ல் எழுந்தது. அங்கிருந்து கிளம்பியவர்கள் கொஞ்சம் தெற்கே தள்ளி, அதுவரை செக் நாட்டுக்காரர்கள் இருந்த பில்சனுக்கு வந்தார்கள். வடக்கே லிங்கன் பார்க்கில் இருந்த புவேர்ட்டோ ரிக்கோக் குடும்பங்களை நகர மேம்பாடு என்ற பெயரில் கிளப்பினார்கள். அவர்கள் ஹம்போல்ட் பார்க் பக்கம் போனார்கள். 1966 ஜூனில், புவேர்ட்டோ ரிக்கோ ஊர்வலம் நடந்த சமயத்தில், டிவிஷன் தெருவில் ஒரு வாலிபரைப் போலீஸ் சுட்டது. கலவரம் நாள்கணக்கில் நீடித்தது. லிங்கன் பார்க்கில் தெருச்சண்டைக் கூட்டமாக இருந்த யங் லார்ட்ஸ் பையன்கள், 1968-க்குப் பிறகு அரசியல் அமைப்பாக மாறினார்கள். 1969-ல் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தைக் கைப்பற்றி அதில் குழந்தைகள் காப்பகமும் இலவச மருத்துவமும் நடத்தினார்கள்.

பில்சனில் பழையவர்கள் இன்றும் பேசுகிற ஒரு சம்பவம் உண்டு. 1976 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஒரு குடியிருப்பில் தீப்பிடித்தது. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் ஸ்பானிஷில் கத்தினார்கள். வந்த தீயணைப்பு வீரர்களுக்கு அது புரியவில்லை. 12 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அந்தத் துக்கத்தை மனதில் வைத்து அடுத்த ஆண்டு, 1977 புனித வெள்ளியன்று, பில்சன் மக்கள் சிலுவைப்பாதையைத் தெருவிலேயே நடத்தினார்கள். இயேசுவாக ஒரு பகுதிவாசி, ரோமானியச் சிப்பாய்களாக இன்னும் சிலர், 18-ஆம் தெரு முழுக்கப் பின்னால் ஜனம். அன்று தொடங்கியது இன்றும் நடக்கிறது. நானும் அந்தக் கூட்டத்தில் நடந்திருக்கிறேன். ஏப்ரல் குளிரில் வெறும் மேலாடையோடு சிலுவை சுமக்கிறவரின் முழங்கால் நடுங்குவது இரண்டடி தூரத்தில் தெரியும். ஓரமாக நிற்கிற பாட்டிமார் அவரைப் பார்த்து நிஜமாகவே அழுவார்கள்.

இரண்டு சமூகமும் கைகோத்தது அரசியலில்தான். நகர வார்டுகளை லத்தீனோக்களுக்கு எங்கேயும் பெரும்பான்மை வராதபடி வெட்டி வைத்திருந்தார்கள். 1983-ல் ஹெரால்ட் வாஷிங்டன் சிகாகோவின் முதல் கறுப்பின மேயராக வந்தபோது, பொதுத்தேர்தலில் அவரைத் தூக்கிவிட்டவற்றில் லத்தீனோ ஓட்டும் ஒன்று. அந்தக் கூட்டணிக்காக வீடு வீடாக உழைத்த தொழிற்சங்கக்காரர் ரூடி லொசானோ அதே ஆண்டு ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். பில்சன் நூலகத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். பிறகு நீதிமன்ற உத்தரவால் வார்டுகள் மாற்றி வரையப்பட்டு 1986-ல் சிறப்புத் தேர்தல் நடந்தது. மெக்சிகோவில் பிறந்த ஹெசூஸ் கார்சியாவும் புவேர்ட்டோ ரிக்கோக் குடும்பத்தில் பிறந்த லூயிஸ் குத்தியெரெஸும் நகர மன்றத்துக்குள் நுழைந்தார்கள்.

அடுத்து வந்த நாடாளுமன்றத் தொகுதி வரைபடத்தைப் பார்த்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். வடக்கே ஹம்போல்ட் பார்க், தெற்கே பில்சனும், அதையடுத்த மெக்சிகோப் பகுதியான லிட்டில் வில்லேஜும். நடுவில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதி. அதை உடைக்கக் கூடாது. எனவே மேற்கே சுற்றிப் போய், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு மெல்லிய பட்டையால் இரண்டு பகுதிகளையும் இணைத்தார்கள். குளிருக்குக் காதில் மாட்டும் காதுமூடி மாதிரி வடிவம். பலரும் அதை மோசடி வரைபடம் என்று எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தனித்தனியாகத் துரத்தப்பட்ட இரண்டு கூட்டங்களுக்கு அந்தப் பட்டைதான் முதல்முறையாக ஒரு குரலைக் கொடுத்தது. அங்கே மெக்சிகோ வாக்காளர்களே அதிகம். ஆனாலும் 1992-ல் குத்தியெரெஸை அனுப்பியவர்கள் 26 ஆண்டுகள் அவரையே அனுப்பினார்கள்.

இன்னொன்று. மெக்சிகோவிலிருந்து வந்த எல்விரா அரெயானோ விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்தவர். நாடுகடத்தும் உத்தரவு வந்ததும் 2006 ஆகஸ்டில் ஹம்போல்ட் பார்க்கில் உள்ள ஒரு சின்ன மெதடிஸ்ட் தேவாலயத்தில் மகனோடு தஞ்சம் புகுந்தார். ஓராண்டு அங்கேயே இருந்தார். சுற்றிலும் புவேர்ட்டோ ரிக்கோ மக்கள். அவர்களை யாரும் நாடுகடத்த முடியாது. "இது நம் பிரச்சினை இல்லை" என்று முணுமுணுத்தவர்களும் அங்கே உண்டு. வாசலில் காவல் நின்றவர்களும் உண்டு. 2007-ல் வெளியே வந்தபோது லாஸ் ஏஞ்சலஸில் கைது செய்து அனுப்பிவிட்டார்கள்.

லத்தீனா பெண்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே? வீட்டுக்குள்ளேயே இருப்பார்களா?
- கல்லூரி மாணவி, சேலம்

நல்ல கேள்வி. ஆண் தலைவர்களின் பெயர்கள் சுவரோவியங்களில் இருக்கின்றன. வேலையைச் செய்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

பில்சன் பிள்ளைகளுக்குச் சொந்தமாக உயர்நிலைப் பள்ளி இல்லாமல் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அதற்காகத் தெருவில் இறங்கியவர்கள் அம்மாக்கள். 1977-ல் பெனிட்டோ ஹுவாரெஸ் பள்ளி திறந்தது. 1973-ல் பில்சனில் "முஹெரெஸ் லத்தீனாஸ் என் அக்சியோன்" (களத்தில் லத்தீனா பெண்கள்) என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கும் வீட்டை விட்டு ஓடிவந்த சிறுமிகளுக்கும் ஸ்பானிஷில் பேசி உதவ ஆள் வேண்டும் என்பதுதான் நோக்கம். பெயரைப் பாருங்கள், மெக்சிகானாஸ் என்று வைக்கவில்லை. அன்றைக்கே பொதுவாக யோசித்தார்கள்.

லிட்டில் வில்லேஜுக்கு 1998-ல் ஒரு உயர்நிலைப் பள்ளி தருவதாக நகரம் சொன்னது. வேறு பகுதிகளுக்கு அறிவித்த பள்ளிகள் எழும்பின. இங்கே மட்டும் பணம் இல்லை என்றார்கள். 2001 மே 13, அன்னையர் தினம். காலி மனையில் கூடாரம் போட்டு அம்மாக்களும் பாட்டிகளும் அக்கம்பக்கத்தாரும் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். 19 நாட்கள். மேயர் அசையவில்லை. ஆனால் அந்த 19 நாட்களில் ஊரே திரும்பிப் பார்த்துவிட்டது. 2005-ல் அதே இடத்தில் பள்ளி திறந்தது, ஒரே கட்டடத்துக்குள் நான்கு சிறு பள்ளிகளாக. பக்கத்துப் பகுதியின் கறுப்பினப் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். நான் பார்த்தவரை, கறுப்பின அம்மாக்களும் லத்தீனா அம்மாக்களும் ஒரே கேட்டில் பிள்ளைக்காகக் காத்து நிற்பது அந்த வட்டாரத்தில் வேறு இடங்களில் அபூர்வம்.

என் வகுப்பில் ஒரு பெண்மணி. இரவெல்லாம் அலுவலகக் கட்டடங்களைத் துடைத்துவிட்டு, பகலில் தூங்கி, மாலையில் வகுப்புக்கு வருவார். அவர் நோட்டில் ஒவ்வொரு ஆங்கில வார்த்தைக்குக் கீழேயும் காதில் விழுந்தபடி ஸ்பானிஷ் எழுத்துக்கூட்டலில் எழுதி வைத்திருப்பார். நாம் தமிழில் எழுதிவைத்துப் படித்தோமே, அதே முறை. ஒருநாள் என்னிடம், "மாயெஸ்த்ரா (டீச்சர்), பள்ளிக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மொழிபெயர்க்க என் மகளைக் கூட்டிப்போனால், மகளுக்குச் சங்கடம் தரும் இடத்தை அவளே மாற்றிச் சொல்லிவிடுகிறாள். நானே கேட்க வேண்டும்" என்றார். அந்தக் கேள்வியைத்தான் அந்த வாரம் முழுக்க வகுப்பே சேர்ந்து பயிற்சி செய்தது. புவேர்ட்டோ ரிக்கோ பெஞ்சில் இருந்த பெரியவர் தலைமையாசிரியராக நடித்தார். குறுக்குக் கேள்வி கேட்டு அவரை மடக்கப் பார்த்தார். கூட்டத்தில் அந்த அம்மா கேட்டுவிட்டார். பதிலும் வாங்கிவிட்டார்.

அவர்கள் சாப்பாடு நமக்குப் பிடிக்குமா?
- வாசகர், சென்னை

பிடிக்கும். ஹம்போல்ட் பார்க்கில் ஹிபாரிட்டோ என்ற சாண்ட்விச் கேளுங்கள். 1996 வாக்கில் அங்கே ஒரு புவேர்ட்டோ ரிக்கோ உணவகத்தில் பிரபலமானது. ரொட்டியே கிடையாது. பெரிய ரகப் பச்சை வாழைக்காயை நீளவாக்கில் வகிர்ந்து, எண்ணெயில் ஒருமுறை போட்டெடுத்து, தட்டையாக அழுத்தி, மறுபடி மொறுமொறுவென்று பொரிப்பார்கள். நடுவே மெல்லிய மாட்டிறைச்சி, சீஸ், தக்காளி. மேலே எண்ணெயில் குழைத்த பூண்டு. சைவம் என்றால் இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் வைக்கும் சோறு துவரை போட்டுச் செய்தது. ஆமாம், நம் துவரையேதான், பருப்பாக உடைக்காமல் முழுசாக. ஆனால் அதில் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம், கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

இந்தியர்களுக்கும் இவர்களுக்கும் ஏதாவது உறவு உண்டா?
- வாசகி, நாமக்கல்

உண்டு, கல்யாண உறவே உண்டு. இது சிகாகோவில் இல்லை, கலிபோர்னியாவில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவசாய வேலைக்குப் போன பஞ்சாபி ஆண்கள் இம்பீரியல் பள்ளத்தாக்கில் தங்கினார்கள். 1917 சட்டம் இந்தியாவிலிருந்து ஆள் வருவதைத் தடுத்துவிட்டது. ஊரிலிருந்து மனைவியைக் கூட்டிவர வழியில்லை. வெள்ளைப் பெண்ணை மணக்கவும் சட்டம் இடம் தரவில்லை. அங்கே பருத்தி எடுத்துக்கொண்டிருந்த மெக்சிகோக் குடும்பப் பெண்களை மணந்தார்கள். பதிவு அலுவலகக் குமாஸ்தா இருவர் தோல் நிறத்தையும் பார்த்து, ஒரே மாதிரி இருக்கிறது என்று உரிமம் எழுதிக் கொடுத்துவிடுவார். அப்படி நூற்றுக்கணக்கான குடும்பங்கள். பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் பெயர், பின்னால் சிங். வீட்டில் நம் ரொட்டியும் உண்டு, மெக்சிகோ ரொட்டியான டார்ட்டியாவும் உண்டு.

சிகாகோ டெவன் அவென்யூவில் நம் ஊர்க் கடைகளுக்கு வருகிறவர்கள் சமையலறைப் பக்கம் எட்டிப் பாருங்கள். உங்கள் தோசையைத் திருப்பிப் போடுகிறவர் மெக்சிகோக்காரராக இருக்கலாம். அவருக்கு இரண்டு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை. லத்தீனோக்கள் இத்தனை பேர் இருப்பதால் அவர்கள் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் நிலைத்துவிட்டதா?
- வாசகர், டொரண்டோ

அவ்வளவு பேர் இருந்தும் அதே கதைதான். பேரப்பிள்ளைகள் காலத்தில் வீட்டில் ஆங்கிலம் வந்துவிடுகிறது. தடுமாறிப் பேசுகிற பேரனை "உனக்கு ஸ்பானிஷ் கூடத் தெரியாதா?" என்று கேட்டுக் கூனிக்குறுக வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தப்பு. அந்தத் தாத்தா பாட்டி படித்த காலத்தில் பல பள்ளிகளில் ஸ்பானிஷ் பேசினாலே தண்டனை. அந்தப் பயத்தில் பிள்ளைகளுக்கு மொழியைக் கொடுக்காமல் விட்டவர்கள் அநேகம். ஸ்பானிஷ் தெரியாத பல இளைஞர்கள் இன்று குடியேறிகளுக்கான ஊர்வலத்தில் முன்வரிசையில் நடக்கிறார்கள். அவர்களை லத்தீனோ இல்லை என்று யார் சொல்வது? உங்கள் பிள்ளைகளையும் குற்றம் சொல்லாதீர்கள் ஐயா, கதை சொல்லுங்கள், போதும்.

இப்போது அங்கே நிலைமை எப்படி?
- வாசகர், திருச்சி

கஷ்டம்தான். பில்சனில் வாடகை ஏறி, 2000-க்குப் பிறகு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட லத்தீனோக்கள் வெளியேறிவிட்டார்கள். சுவரோவியத்துக்குப் பக்கத்தில் விலையுயர்ந்த காபிக் கடை; ஓவியத்தில் இருக்கிற முகங்களின் குடும்பம் புறநகரில்.

2022 ஆகஸ்டிலிருந்து டெக்சாஸ் மாநிலம் எல்லை தாண்டி வந்தவர்களைப் பஸ் பஸ்ஸாகச் சிகாகோவுக்கு அனுப்பியது, பெரும்பாலும் வெனிசுவேலாக்காரர்கள். கைக்குழந்தையோடு போலீஸ் நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். பழைய மெக்சிகோக் குடும்பங்கள் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தன. அதே குடும்பங்களில் ஒரு மனக்குறையும் எழுந்தது. 2023-ல் வெனிசுவேலாக்காரர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பும் வேலை அனுமதியும் கிடைத்தன. இருபது, முப்பது வருஷமாக வரி கட்டி உழைக்கிற எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு. கோபம் மட்டும் புதிதாக வந்தவர்கள் மேல் விழுந்தது.

2025 செப்டம்பரில் குடியேற்றத் துறை சிகாகோவில் பெரிய அளவில் ஆட்களைப் பிடிக்கத் தொடங்கியது. லிட்டில் வில்லேஜின் 26-ஆம் தெருவில் கடைகள் வெறிச்சோடின. அக்கம்பக்கத்தார் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அதிகாரிகள் வண்டியைப் பார்த்தால் ஊத வேண்டும். விசில் மாட்டியவர்களில் மெக்சிகோக்காரர், புவேர்ட்டோ ரிக்கோக்காரர், வெள்ளைக்காரர் எல்லாரும் இருந்தார்கள். என் பழைய மாணவி ஒருவர் போனில் சொன்னார்: தான் ஊதியபோது முதலில் கதவைத் திறந்து ஓடிவந்தது எதிர்வீட்டு வெனிசுவேலாப் பெண்ணாம். அதுவரை இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

அடுத்த ஆண்டு மகன் வீட்டுக்குச் சிகாகோ போகிறோம். இதையெல்லாம் எங்கே போய்ப் பார்ப்பது?
- வாசகி, ஈரோடு

பிங்க் லைன் ரயிலில் ஏறி 18-ஆம் தெரு ஸ்டேஷனில் இறங்குங்கள். படிக்கட்டிலேயே ஓவியங்கள் தொடங்கிவிடும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் தேசிய மெக்சிகோ கலை அருங்காட்சியகம். பள்ளி ஆசிரியர்கள் சிலர் 1982-ல் சேர்ந்து தொடங்கியது, 1987-ல் கதவு திறந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. அக்டோபரில் போனால் இறந்தவர் தினப் படையல்களைப் பார்க்கலாம். இன்னொரு நாள் டிவிஷன் தெருவுக்குப் போங்கள். 1995-ல் நிறுத்திய இரண்டு பிரம்மாண்டமான புவேர்ட்டோ ரிக்கோ இரும்புக் கொடிகள் சாலைக்கு மேலே வளைந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள கடைகளில் ஏதாவது வாங்குங்கள். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அன்றைக்கு மட்டும் போக வேண்டாம்.